ஒட்டிக் கொண்டுவந்த விரிசல்

லேப்டாப்பை யாராவது நீட்டினால் ஜட்ஜ் அதை உடனே பார்ப்பதில்லை. நீட்டுபவரின் விரல்களைப் பார்ப்பார். உடைந்த மூலையை உள்ளங்கையால் மறைத்துக் கொடுத்தால் கீழே போட்டது. உடைசலை முன்னால் காட்டிக் கொடுத்தால் தானாக விரிந்தது. அவராக வகுத்துக்கொண்ட சட்டம் இது. பூதக்கண்ணாடியெல்லாம் அப்புறம்தான்.

"கீழ விழவே இல்ல சார்," என்பார்கள்.

"விழுந்துச்சான்னு நான் கேக்கவே இல்லையே," என்பார் ஜட்ஜ், குரல் ஏறாமல், இறங்காமல்.

சர்வீஸ் சென்டரில் கடைசி மேசை அவருடையது. உடைந்த வெளிக்கூடு வாரன்டியில் சேருமா, சேராதா என்று சொல்வதுதான் வேலை. ஜட்ஜ் என்பது பக்கத்து மேசைக்காரன் வைத்த பெயர். மேனேஜரின் சம்பந்தி கொண்டுவந்ததையே மூலையில் நசுங்கல் இருக்கிறதென்று திருப்பி அனுப்பியவர். அதன்பிறகு மேனேஜர் கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. "நிம்மதியா வேலை ஓடுச்சு," என்றார் ஜட்ஜ்.

பகலெல்லாம் உடைசலைப் பார்ப்பதாலோ என்னவோ, வீட்டில் தம்ளரைக்கூட இரண்டு கையாலும்தான் இறக்கி வைப்பார். "பீரோவச் சாத்தச் சொன்னா, கைக்குழந்தையத் தூங்கப் போடுற மாதிரி சாத்துறாரு. அதுக்குள்ள நான் சமைச்சே முடிச்சிடுவேன்," என்று அவர் மனைவி தன் தங்கையிடம் குறைப்பட்டுக்கொள்வாள்.

அந்தத் தங்கைதான் அன்று மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். புது வேலை கிடைத்திருந்தது. வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை. லேப்டாப் மட்டும் அவரவருடையதாக இருக்க வேண்டும். தன்னுடையதை நீட்டினாள். இடது மூலை உள்ளங்கைக்குள் இருந்தது.

"கையை எடும்மா."

எடுத்தாள். கீலை ஒட்டி ஒரு விரிசல். அதன் மேல் பளபளவென்று காய்ந்த பசை.

"யாரு ஒட்டுனது?"

"நான்தான் மாமா. அம்மா சொன்னாங்க, மாப்பிள்ளை வேலை பாக்குற எடத்துக்கு உடைசலை அப்படியே தூக்கிட்டுப் போனா அவருக்கு என்ன மரியாதை, நாலு பேரு பாப்பாங்கன்னு. பாதி ட்யூப் காலி."

"ரொம்பத்தான் மரியாதை," என்றபடி ஜட்ஜ் பூதக்கண்ணாடியை எடுத்தார்.

நசுங்கல் இல்லை, கீறல் இல்லை. கீல் இறுகிப்போய், மூடியைத் திறக்கத் திறக்க உள்ளேயிருந்து இழுத்துப் பிளந்திருக்கிறது. அச்சு அசலான கம்பெனிக் குறை. கண்ணை மூடிக்கொண்டு அனுப்பலாம். ஆனால் கூட எடுத்து அனுப்புகிற போட்டோவில் பசை தெரிந்தால், வெளியாள் கை பட்டது என்று தலைமை அலுவலகம் தள்ளிவிடும். இப்படி ஒட்டிக் கொண்டுவந்தவர்களை அவரே தள்ளியிருக்கிறார். எதற்காக ஒட்டினீர்கள் என்று ஒருவரையும் கேட்டதில்லை.

"சேருமா, சேராதா மாமா? லேப்டாப் இல்லன்னா அடுத்த ஆளக் கூப்பிட்டுக்குவோம்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க."

பக்கத்து மேசைக்காரன் தட்டச்சு செய்வதை நிறுத்தியிருந்தான். "மாமாவா? இன்னிக்குத் தீர்ப்பு எப்படி ஜட்ஜ் ஐயா?"

"பசை போட்டதுக்குக் கம்பெனி பொறுப்பில்ல மேடம்," என்றார் ஜட்ஜ், எல்லா மேசைக்கும் கேட்கும்படி. கல்யாணமான நாளிலிருந்து அவளை வாம்மா, போம்மா என்று மட்டுமே கூப்பிட்டவர். "ரூல்னா எல்லாருக்கும் ரூல்தான். அங்க போய் உக்காருங்க. கூப்பிடுறேன்."

மேடம் முகம் செத்துப்போய் நாற்காலியைத் தேடிப் போனாள்.

ஜட்ஜ் அவள் லேப்டாப்பை மேசைக்கு அடியில் மடிமேல் வைத்துக்கொண்டு அடுத்தவரை அழைத்தார். கீழே விழவே இல்லை என்று அந்த மனிதர் ஆதியிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். ஜட்ஜ் இடைமறிக்காமல், தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டே, மேசைக்கு அடியில் கட்டைவிரல் நகத்தால் காய்ந்த பசையைச் செதில் செதிலாகச் சுரண்டிக்கொண்டிருந்தார்.