டியூட்டிக்குப் பிறகு நாலு மணித்தியாலம்

மற்றவர்களை நித்திரையாக்க எங்களிடம் ஊசி இருக்கிறது. எங்களை நித்திரையாக்கத்தான் ஆளில்லை. நான் ஆஸ்பத்திரித் தாதி, மூன்று வயது மகளுக்கு அம்மா. இரவு டியூட்டி முடித்து நேரே சமைக்கக் குசினிக்குள் நுழையும் என்போன்ற அக்கா தங்கச்சிமாரே, இது உங்களுக்குத்தான்.

பேர் என்ன ஐயா?

தொடர்ந்து இரண்டு இரவு டியூட்டி. நடுவில் வந்த பகலை மகள் எடுத்துக்கொண்டாள். விடிந்ததும் மருந்து கொடுக்கப் போனேன். பேர் கேட்ட பிறகுதான் குளிசை கொடுக்கலாம் என்பது எங்கள் சட்டம். பூவரசங்குளத்து ஐயா ஒருவரிடம் கேட்டேன், சொன்னார். திரும்பவும் கேட்டேன், திரும்பவும் சொன்னார். தலையாட்டிவிட்டுக் குளிசையை நீட்டினேன். அவர் வாயில் போடாமல் உற்றுப் பார்த்தார்.

“ரெண்டு தரம் பேர் கேட்டுப்போட்டு, பக்கத்துக் கட்டில்காரன்ர குளிசையைத் தாறியள், பிள்ளை!”

ஒன்பது மணிக்குப் படுக்கை

அவர் பார்த்ததால் தப்பினோம். அன்றே முடிவெடுத்தேன்: இரவு டியூட்டி முடிந்தால் நாலு மணித்தியாலம் நித்திரை, பின்னேரம் அரை மணித்தியாலம் நடை. வீடு தலைகீழானாலும் சரி.

முதல் நாள் மகளை என் வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டுக் காலை ஒன்பது மணிக்குப் படுத்தேன். பக்கத்து வீட்டு மாமி யன்னலால் எட்டிப் பார்த்து இவரிடம் கேட்டது எனக்கும் கேட்டது.

“விடிஞ்சு இவ்வளவு நேரமாப் படுத்திருக்கிறா. ஏதும் விசேஷமோ தம்பி?”

ஏறுங்கோ மிஸ்ஸி

எங்கள் ஊர் தண்ணீரூற்றில் பொம்பிளை ஒருத்தி விறுவிறென்று நடந்தால் பஸ்ஸைத் தவறவிட்டாள் என்றுதான் அர்த்தம். இரண்டு ஓட்டோக்காரர் நிறுத்தி, தாதிமாரைக் கூப்பிடும் முறையில் “ஏறுங்கோ மிஸ்ஸி” என்றார்கள். மூன்றாவதாக ஸ்கூட்டியில் வந்தவா எங்கள் சீனி வருத்தக் கிளினிக்குக்கு வரும், தினமும் நடக்கச் சொல்லி நாங்கள் அனுப்பும் கடைக்கார முஸ்லிம் அக்கா, றாத்தா. “பஸ்ஸுக்கில்லை, உடம்புக்கு நடக்கிறன்” என்றேன். ஸ்கூட்டியை நிப்பாட்டியே விட்டா.

“அல்லாவே! எங்களை நடக்கச் சொன்னது மெய்யாத்தானோ மிஸ்ஸி?”

செல்லாத காரணம்

போன கிழமை, இரண்டு இரவு முடித்து வெளிக்கிடும்போது, கூட வேலை செய்யும் சுகந்தி தன்னுடைய இரவையும் பார்க்கச் சொன்னாள். எங்கள் வார்ட்டில் மறுப்பதற்கு மூன்று காரணம்தான் செல்லும்: பிள்ளைக்குக் காய்ச்சல், செத்தவீடு, கோயில் திருவிழா. மகளுக்குக் காய்ச்சல் என்று வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன். “ஏலாதடி, நித்திரை கொள்ளப்போறன்.”

“நித்திரையோ? நான் வார்ட்டுப் பொறுப்புச் சிஸ்டரிட்டச் சொல்லவேணும், நல்ல காரணமா ஒண்டு சொல்லடி!”

காய்ச்சல் வந்தால்தான் படுக்கலாம் என்கிற ஆஸ்பத்திரியில், சுகமாக இருக்கும்போதே படுத்தவள் என்று என் பேர் கெட்டாலும் பரவாயில்லை, நான் படுக்கத்தான் போகிறேன்.