கிட்டங்கி மாடியில் விமானக் காவல்

விமானக் காவல் தொண்டர் படையில் நான் சேர்ந்ததற்குத் தேசபக்திதான் காரணம் என்று யாராவது நினைத்தால், அவர்களுக்கு என்னைத் தெரியாது என்று அர்த்தம். எனக்கு இங்கிலீஷ் பேச வரும். டெலிபோனைக் கண்டால் பயம் கிடையாது. இந்த இரண்டும் சேர்ந்த ஆள் யுத்த காலத்துத் தென்காசியில் அதிகம் இல்லை. பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்த என்னை வந்து கூப்பிட்டார்கள். ஒரு பெண் மொட்டைமாடியில் நின்று வானத்தைப் பார்ப்பதாவது என்று ஊரில் சிலர் முணுமுணுத்ததும் என் காதில் விழுந்தது. அந்த முணுமுணுப்புக்காகவே மறுநாள் போய்ச் சேர்ந்தேன்.

சம்பளம் கிடையாது. காக்கியில் ஒரு கைப்பட்டை, கழுத்தில் தொங்க ஒரு விசில், எல்லோருக்கும் பொதுவாக ஒரு பைனாகுலர், சுவரில் மாட்ட ஒரு படம். அந்தப் படத்தில் எந்தெந்த விமானம் கீழேயிருந்து பார்த்தால் எப்படித் தெரியும் என்று கருப்புக் கருப்பாக வரைந்திருக்கும். விமானம் தென்பட்டால் எத்தனை, எந்தத் திசை, எவ்வளவு உயரம் என்று டெலிபோனில் மதுரைக்குச் சொல்ல வேண்டும். எங்கள் வேலை அவ்வளவுதான்.

பயிற்சி கொடுக்க வந்த அதிகாரி ஒன்று சொன்னார். மதுரையிலிருந்து எங்கள் செய்தி சென்னைக்குப் போகும். அங்கே ஒரு பெரிய மேஜை. அதன்மேல் மாகாணம் முழுவதும் வரைபடமாக விரிந்து கிடக்கும். தென்காசியில் நான் "வடகிழக்கு" என்று சொன்னால், சென்னையில் யாரோ ஒருத்தி நீளக் கம்பால் ஒரு மரக்கட்டையை வடகிழக்கே தள்ளுவாள். இதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. தூத்துக்குடியிலிருந்து ஆந்திரக் கடற்கரை வரை வக்கீல்களும் வாத்தியார்களும் கடைக்காரர்களும் காலணா கூலியில்லாமல் அண்ணாந்து நிற்கிறார்கள். அவர்கள் எல்லோர் கண்ணும் சேர்ந்து ஒரு மேஜையில் ஒரே வானமாக ஆகிறது. அந்த மேஜையை நான் கடைசிவரை பார்க்கவில்லை. நினைத்தால் இன்றும் உடம்பு சிலிர்க்கிறது.

எங்கள் காவலுக்குத் தலைவர் ஒரு பண்ணை வீட்டுக்காரர். முந்தைய யுத்தத்தில் மெசபடோமியா வரை போய்வந்தவர். ஊருக்கே அவர் அண்ணாச்சி. இன்னொருவர் ஜவுளி வியாபாரி. நெசவாளர் தெருவுக்கு நூல் கொடுத்துத் துணி வாங்குபவர். அவரை எல்லோரும் சாயபு என்றே கூப்பிடுவோம். அண்ணாச்சி பேச்சு உத்தரவு போலவே இருக்கும். சாயபு பேசுவதே குறைவு. இரண்டு பேருக்கும் நடுவில் நான் பேசியதுதான் அதிகம் என்று நினைக்கிறேன்.

முதலில் காவல் நிலையத்தைக் குற்றாலத்தில் வைத்தார்கள். இடம் பார்க்க வந்த அதிகாரி பங்குனி மாதத்தில் வந்தார். பாறையில் கோடு கிழித்தாற்போலத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. நல்ல உயரம், நல்ல அமைதி, ஒரு பங்களா மாடி, அதில் டெலிபோனும் இருக்கிறது என்று அவருக்கு ஒரே திருப்தி. சீசன் வந்தால் அங்கே பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது என்று அண்ணாச்சி சொல்லிப் பார்த்தார். அதிகாரி வரைபடத்தைத் தட்டிக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஆனியில் அருவி திறந்தது. மேகம் இறங்கி வந்து மாடிக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துகொண்டது. மழையில்லாத தேரிமணலில் பிறந்து வளர்ந்தவள் நான். அவ்வளவு தண்ணீர் ஒரே இடத்தில் விழுவதை முதல் தடவை பார்த்தபோது வந்த வேலையை மறந்து வாயைத் திறந்தபடி நின்றேன். ஆனால் தலைக்கு மேலே நூறு விமானம் பறந்தாலும் எங்களுக்குத் தெரிந்திருக்காது. மதுரையில் டெலிபோன் எடுக்கும் பெண், "உங்கள் லைனில் ஏதோ இரைச்சல், சரி செய்யச் சொல்லுங்கள்" என்றாள். "அது லைன் இல்லை, குற்றால அருவி. யார் வந்து சரி செய்வது?" என்று கேட்டேன்.

அதன் பிறகுதான் இடத்தை மாற்றினார்கள். தென்காசிக்குக் கிழக்கு ஓரத்தில் சாயபு தம்முடைய ஜவுளிக் கிட்டங்கி மாடியைக் கொடுத்தார். மேலே ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் டெலிபோன். கீழே கிட்டங்கி நிறைய வெள்ளைத் துணிச் சிப்பங்கள். பக்கத்தில் பெரிய செம்மண் பொட்டல். மழையில்லாத மாதங்களில் நெசவாளர்கள் தறிக்கான பாவு நூலை நீட்டிக் கட்டுவது அங்கேதான்.

எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. எதிரி விமானத்தின் கண்ணுக்குத் தெரிகிற எதுவும் தரையில் இருக்கக்கூடாது என்பது விதி. வெளிச்சம் கூடாது, சுண்ணாம்புக் கோடு கூடாது, மாடியில் வெள்ளைத் துணி காயப்போடக் கூடாது. வெள்ளை மேலிருந்து பளிச்சென்று தெரியுமாம். வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். நெசவாளர் தெருவில் ஒரு பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இந்தச் சாரல்ல ஒரு வேட்டி காயதுக்கு மூணு நாளாவுது டீச்சர். அவன் பாத்துட்டுத்தான் போகட்டுமே" என்றாள்.

கோபம் வந்தது. ஆனாலும் அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

அது நடந்தது ஒரு ஆடி மாதத்துப் பிற்பகலில். சாரல் விடாமல் விழுந்துகொண்டிருந்தது. மலை இருந்த திசையில் மலை இல்லை, வெறும் வெள்ளை. தென்காசிக் கோயிலின் இடிந்த கோபுரத்தின் மேல்பாதியும் மேகத்துக்குள் போயிருந்தது. நாங்கள் மூவரும் கொட்டகைக்குள் இருந்தோம். திடீரென்று சத்தம் கேட்டது. மலைப்பக்கம் போய், திரும்பி, எங்கள் தலைக்கு மேலே வந்து, மறுபடி மலைப்பக்கம் போயிற்று. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

மதுரையைக் கூப்பிட்டேன். அந்தப் பெண்ணின் குரலே மாறியிருந்தது. நம் விமானம்தான், வழி தவறிவிட்டது, அதன் வயர்லெஸ் வேலை செய்யவில்லை, பெட்ரோலும் தீரப்போகிறது என்றாள். உள்ளே ஒரே ஒருவன்தான் என்றாள்.

"நாங்கள் என்ன செய்ய?" என்று கேட்டேன்.

"பாருங்கள், கேளுங்கள், சொல்லுங்கள். வேறு எதுவும் செய்யக்கூடாது" என்றாள்.

டெலிபோனை வைக்கும்போதே அது மேகத்தைக் கிழித்துக்கொண்டு இறங்கியது. பனை உயரத்துக்கு மேலே கொஞ்சம்தான். வயிற்றில் எண்ணெய் வழிந்திருந்த கறை வரை எனக்குத் தெரிந்தது. அவ்வளவு கிட்டத்தில் ஒரு விமானத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. இரும்பும் தகரமுமாக அத்தனை பெரிய சாமான் காற்றில் நிற்கிறது. அதற்குள் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு மனிதத் தலை. சுவரில் மாட்டிய படத்தில் அந்தத் தலை கிடையாது. 

அது நேராக மலையைப் பார்த்துப் போயிற்று. அந்த வெள்ளைக்குப் பின்னால் பாறை நிற்பது எங்களுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது.

"திரும்புலே. அந்தப் பக்கம் போவாத, திரும்பு" என்றார் அண்ணாச்சி. முரட்டுக் காளையிடம் பேசுவதுபோல மெதுவாகத்தான் சொன்னார்.

சத்தம் சாய்ந்தது, திரும்பியது, மறுபடி மேகத்துக்குள் ஏறியது. நாங்கள் மூவரும் மூச்சு விட்டோம்.

"காலையில சொரண்டையில இருந்து வந்த வண்டிக்காரன், அங்கன வெயிலு மண்டையப் பொளக்குதுன்னான்" என்றார் சாயபு.

எங்கள் பக்கத்துச் சாரல் அப்படித்தான். தென்காசியை நனைத்துவிட்டுக் கிழக்கே கொஞ்ச தூரத்தில் நின்றுவிடும். அதற்கப்பால் காய்ந்த கரிசல்காடு, கண்ணுக்கு எட்டிய தூரம் தட்டையான தரை. விமானத்துக்கு அது ஒரு வெற்றிலை போடும் நேரம்தான். ஆனால் கிழக்கே போ என்று அவனிடம் யார் சொல்வது?

"வெள்ளை மேலிருந்து பளிச்சென்று தெரியும்" என்றேன். என் வாயிலிருந்து வந்தது எனக்கே கேட்டது. "பொட்டலில் வெள்ளைத் துணியால் பெரிதாக ஒரு அம்புக்குறி போட்டால் அவன் பார்ப்பான்."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். "டீச்சர், தரையில அடையாளம் வைக்கப்படாதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு வந்ததே நீங்கதான. மதுரையில என்ன சொன்னாவ?"

"செய்யக்கூடாது என்றார்கள்."

 நூல் கிடைக்காத காலம் அது. அந்தக் கிட்டங்கியில் இருந்தது ஒரு தெரு முழுக்க மாதக்கணக்கில் நெய்த துணி. சேற்றில் போட்டால் திரும்ப விற்க முடியாது என்று எனக்கும் தெரியும். சாயபு இடுப்பு பெல்ட்டிலிருந்து சாவியை எடுத்தார்.

"சட்டத்தைப் பொறவு பாத்துக்கிடலாம் அண்ணாச்சி. அவன் சாவுதுக்குள்ள கதவத் தொறப்போம்" என்றார்.

விசிலை ஊதினேன். நெசவாளர் தெருவே ஓடிவந்தது. சாயபு சிப்பங்களை அறுத்து அறுத்துக் கொடுத்தார். நான் ஒரு கம்பால் பொட்டலில் கோடு இழுத்தேன். அண்ணாச்சி கோபுரத்தின் தெரிந்த பாதியை முதுகுக்குப் பின்னால் வைத்து நின்று திசை சொன்னார். துணி விரிந்தது. ஆனால் குற்றாலத்துக் காற்று சும்மா இருக்குமா? விரிக்க விரிக்கத் தூக்கிச் சுருட்டியது. கல் தேட நேரமில்லை.

"எல்லாரும் ஓரத்துல உக்காருங்க. ஆணு, பொண்ணு எல்லாரும்" என்றார் அண்ணாச்சி. "ஒருத்தரும் பேசப்படாது. சத்தம் எங்கன இருந்து வருதுன்னு கேக்கணும்."

உட்கார்ந்தார்கள். துணியின் இரண்டு ஓரங்களிலும் நெருக்கமாக, சாரலில் நனைந்துகொண்டு உட்கார்ந்தார்கள். வீட்டுக்குள் பகலெல்லாம் ஓயாத தறிச் சத்தம் நின்றிருந்தது. அந்தத் தெருவின் மௌனத்தை நான் அதற்குமுன் கேட்டதே இல்லை. பனையோலையில் சாரல் விழும் சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது. கோயிலிலும் மாதாகோயிலிலும் பள்ளிவாசலிலும் தனித்தனியாகக் கும்பிடுகிறவர்கள், முகம் தெரியாத ஒருவனுக்காக ஒரே சேற்றில் உட்கார்ந்திருந்தார்கள்.  அழுதால் பைனாகுலர் மங்கும் என்று அடக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினேன்.

சத்தம் வந்தது. இந்தத் தடவை எஞ்சின் இருமியது. விமானம் மேகத்திலிருந்து இறங்கியது. நான் அதை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பொட்டலுக்கு நேர்மேலே வந்தது, தாண்டியது, போய்விட்டது என்றே நினைத்தேன். பிறகு பெரிதாக ஒரு வட்டமடித்துத் திரும்பி வந்து, இறக்கையை இப்படியும் அப்படியும் ஆட்டியது. அதன் பிறகு கிழக்கே போயிற்று. சத்தம் தேய்ந்து தேய்ந்து மறைந்த பிறகும் கீழே ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அண்ணாச்சி சொன்ன பிறகுதான் எழுந்தார்கள்.

"ஒன்று. கிழக்கு. தாழ்வாக" என்று மதுரைக்குச் சொன்னேன். 

பொழுது சாயும் முன்னால் மதுரையே கூப்பிட்டது. சுரண்டைக்குப் பக்கத்தில் தரிசுக் கரிசலில் இறங்கியிருக்கிறது, மூக்கு உடைந்துவிட்டது, ஆள் பிழைத்துக்கொண்டான். சொன்னதும் அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்தார். "சாரல்" என்றார். நாங்கள் நின்றது கொட்டகைக்குள். தரையில் அடையாளம் வைக்க யார் உத்தரவு கொடுத்தது என்று அந்தப் பெண் கேட்டபோது, டெலிபோனை என்னிடமிருந்து வாங்கி, "நான்" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மறுநாள் அவனே வந்தான். நெற்றியில் கட்டு, முழங்கால் வரை கரிசல் மண். வடக்கே எங்கோ பிறந்தவன், மீசைகூட இன்னும் சரியாக முளைக்கவில்லை. பொட்டலில் பாதித் தெரு கூடிவிட்டது. அவன் இங்கிலீஷில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். கிட்டங்கி வாசலில் நின்ற சாயபு மெதுவாகக் கிட்டே வந்தார். முந்தின நாள் சுருட்டி எடுத்தபோதே அவருடைய துணி செம்மண் நிறமாகிவிட்டிருந்தது. அதைப்பற்றி அவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

"துணி நல்லாத் தெரிஞ்சுதான்னு கேளுங்க டீச்சர்" என்றார்.

கேட்டேன். அவன் புரியாமல் பார்த்தான்.

"என்ன துணி?" என்றான். "நான் துணி எதையும் பார்க்கவில்லை. மனிதர்கள்தான் தெரிந்தார்கள். அம்பு மாதிரி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் ஒரு கையை நீட்டி ஒரே பக்கத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் போனேன்."

நான் திகைத்துத் திரும்பிப் பார்த்தேன். கையை நீட்டச் சொல்லி யாருமே சொல்லவில்லையே. வேட்டி காயவில்லை என்று என்னிடம் வழக்காடிய பெண் முன்னால் நின்றாள்.

"நீங்க எல்லாரும் கையக் காட்டினீங்களா?" என்று கேட்டேன்.

"வழி தெரியாம நிக்கவனுக்குக் கையக் காட்டாம வேற எதக் காட்டுவாவ?" என்றாள். அண்ணாச்சியும் தலையை ஆட்டினார், அவரும் நீட்டியிருக்கிறார். நான்தான் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயபு இன்னும் பதிலுக்குக் காத்திருந்தார். யாருக்காகவும் பேச்சை மழுப்புகிறவள் இல்லை நான். அன்றைக்கு மட்டும் நாக்கு எழவில்லை. சேற்றில் நனைந்து மண்ணோடு மண்ணாகிவிட்டதால் துணி அவன் கண்ணில் படவே இல்லை என்று எப்படியோ சொல்லி முடித்தேன்.

அவர் பொட்டலைத் திரும்பிப் பார்த்தார். முகத்தில் வருத்தம் எதுவும் இல்லை.

"துணி விரிக்கலேன்னா இத்தன பேரும் எங்கன போயி உக்காந்திருப்பாவ? அதையும் அந்தத் தம்பிகிட்டச் சொல்லுங்க டீச்சர்" என்றார்.

சொன்னேன். அவன் தொப்பியைக் கழற்றினான்.  அந்தத் துணியைப் பார்க்கலாமா என்று மட்டும் கேட்டான். சாயபு இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார்.