காக்கி போட்ட கோழி

என் அக்கா தையல்காரி. பொத்தான் வைக்காத துணி அவள் கையிலிருந்து வெளியே போனதில்லை. தலையணை உறை கேட்டால்கூடப் பளபளவென்று நாலு பொத்தானோடு வரும். வேண்டாமென்று சொல்லிச் சொல்லி எங்களுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

அவளுடைய செல்லக் கோழி மகாராணியின் முதுகைச் சேவல் கீறிவிட்டது. சிவந்த காயத்தைக் கண்டால் மற்ற கோழிகள் சும்மா விடுமா? கொத்தியே ஆளை முடித்துவிடும். அக்கா உப்புத் தண்ணீரில் கழுவி, மருந்து தடவி, மகாராணியைக் குளியலறையில் குடிவைத்தாள். வேளாவேளைக்கு அவித்த மஞ்சள் கரு. நான் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சியை நானே எழுந்து ஊற்றிக் குடிக்கச் சொன்னவள் இவள்!

அத்தான் குடோன் வாட்ச்மேன். இரவு வேலை முடிந்து வந்ததும் காக்கி உடுப்போடே துடைப்பத்தைத் தூக்கி, தன் கீரைப் பாத்தியிலிருந்து கோழிகளை விரட்டுவார். பிறகுதான் குளியல். இப்போது துண்டைக் கட்டிக்கொண்டு கொல்லைக் குழாயடியில் நிற்க வேண்டியதாயிற்று. மனுஷருக்கு மானம் போனது. ஞாயிற்றுக்கிழமை தன் தங்கை வருவதற்குள் மகாராணி கூட்டத்தோடு சேர வேண்டும், இல்லையென்றால் குழம்புதான் என்று சொல்லிவிட்டார். சொன்ன சொல் மாறாதவர். அக்காவின் முகம் செத்துப்போனது.

காயத்தை மறைக்கக் கோழிக்கு ஒரு சட்டை தைத்தாள். நல்ல யோசனைதான். ஆனால் பழக்கம் விடுமா? முதுகு நெடுக மினுமினுக்கும் பித்தளைப் பொத்தான்கள். வெளியே விட்டதுதான் தாமதம், தானியமென்று நினைத்ததோ என்னவோ, மொத்தக் கூட்டமும் பொத்தான்மேல் பாய்ந்தது. மகாராணி அலறியடித்துக் குளியலறைக்கே திரும்பியது. அத்தான் பல் குத்திக்கொண்டே, மசாலா அரைக்க என்னென்ன வாங்க வேண்டும் என்று விசாரித்தார். அக்கா அழுதேவிட்டாள்.

அழுது முடித்தவள் மூக்கைச் சிந்திவிட்டுப் பீரோவைத் திறந்தாள். இன்னும் ஒரு வருஷம் உழைக்கும் என்று அத்தான் பத்திரப்படுத்தியிருந்த பழைய காக்கிப் பேண்ட் உள்ளே இருந்தது. சரக்கென்று ஒரு காலை வெட்டினாள். பிறந்ததிலிருந்து முதல்முறையாகப் பொத்தான் இல்லாமல், வெறும் நாடா வைத்துத் தைத்தாள்.

ஞாயிறு காலை மகாராணி காக்கியில் இறங்கியது. பார்த்த மாத்திரத்தில் கோழிகள் மூலைக்கொன்றாகச் சிதறின. வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து பக்கத்தில் மேய்ந்தன. முதுகில் வாய் வைக்க மட்டும் எதற்கும் தைரியம் வரவில்லை.

அத்தான் தன் பேண்ட்டை அடையாளம் கண்டுகொண்டார். வாயைத் திறப்பதற்குள் தங்கை வந்து இறங்கினாள். உள்ளே வரும்போதே அவள் கண் மகாராணிமேல் விழுந்தது.

"அண்ணா, அந்தக் கோழி நல்லா கொழுத்திருக்கு. இன்னிக்கு அதையே அடிச்சிடலாமே."

அக்கா கத்தரிக்கோலைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றாள். அத்தான் அவளைப் பார்த்தார். கூட்டத்துக்கு நடுவே கம்பீரமாக நடந்துகொண்டிருந்த தன் பேண்ட்டின் ஒரு காலைப் பார்த்தார்.

"அதத் தொடக்கூடாது," என்றார். "டூட்டில இருக்கு."