என் வாசலுக்கு வந்த பிடியரிசி

தவக்காலத்தில் தினம் ஒரு பிடி அரிசி எடுத்துவைத்து, தனியாகச் சாப்பிடுகிறவர்களுக்குக் கொடுங்கள் என்று கோயிலில் என்னிடம் மறைக்கல்வி படிக்கும் பிள்ளைகளிடம் சொல்லியிருந்தேன்.

இன்று மாலை செல்வியும் மேரியும் வகுப்பே சேர்த்த அரிசிப் பையோடு என் வாசலில் நின்றார்கள்.

"உங்களுக்குத்தான் டீச்சர்."

"நான் என்ன ஏழையாடி?"

"ஏழைன்னா சொன்னீங்க? தனியா சாப்பிடறவங்கன்னுதானே சொன்னீங்க!" என்றாள் செல்வி.

"உங்க வூட்டு சார் தவறிப்போனதுலேருந்து அடுப்பு ஒருவேளைதான் எரியுதுன்னு அம்மா சொல்லிச்சு" என்றாள் மேரி.

திருப்பிக் கொடுத்தால் நான் சொன்ன பாடமே பொய்யாகிவிடும். வாங்கிக்கொண்டேன்.

புழுங்கல், பச்சை, ரேஷன் எல்லாம் கலந்த அரிசி. ஒன்றாய் வேகாது. ஓர் ஆளுக்கு அதிகம் வேறு.

ஈஸ்டர் அன்று பொங்குகிறேன். குழைந்தாலும் பரவாயில்லை என்பவர்கள் சொல்லுங்கள், இலை போடுகிறேன்.