அட்டவணையில் இல்லாத பள்ளிக்கூடம்

ஹில்டா லவ்குரோவ் லண்டன் பாராளுமன்றத்தின் மேல்சபையான எங்கள் பிரபுக்கள் சபைக்கு வேலைக்கு வந்தபோது அவளுக்கு வயது முப்பத்தொன்று. அதற்கு முன் பெர்மாண்ட்ஸியில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் பதினொரு வருடம் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். ஜெர்மனியோடு சண்டை வந்தது. மசோதா அலுவலகத்தில் இருந்த இளம் குமாஸ்தாக்கள் எல்லோரும் ராணுவத்துக்குப் போய்விட்டார்கள். அந்த அலுவலகத்தின் மேசையில் ஒரு பெண் உட்கார வேண்டும் என்றால், லண்டன் மேல் குண்டு விழ வேண்டியிருந்தது.

நான் சபையின் வாசல் ஊழியன். கறுப்புக் கோட்டும் வெள்ளைக் கழுத்துப்பட்டியுமாக நாள் முழுக்கக் கதவோரம் நிற்பதுதான் என் வேலை. உள்ளே பேசுவதும் வெளியே பேசுவதும் இரண்டுமே என் காதில் விழும். அதனால் இந்தக் கதையில் முக்கால்வாசி நான் நேரில் கண்டது. மீதியை ஹில்டாவே சொன்னாள்; அவள் சொல்லாமல் விட்டது என்று எதுவும் இருந்ததில்லை.

அலுவலகத் தலைவர் மிஸ்டர் கார்பெட். ஒரு வரி கோணலாக இருந்தால் பல்வலி வந்தவர் மாதிரி முகத்தைச் சுளிப்பார். முதல் நாளே ஹில்டாவை உட்காரவைத்து, மசோதா எப்படிப் போகும், எப்படி வரும் என்று ஒன்றரை மணி நேரம் விளக்கினார். அன்று சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் அவள் அதையே எனக்கு இரண்டு நிமிஷத்தில் சொல்லிவிட்டாள்.

"மொத வாசிப்புன்னா பேரை மட்டும் படிக்கிறது. ரெண்டாவதுல, இது வேணுமா வேணாமான்னு பேச்சு. அப்புறம் வரி வரியா உக்காந்து நோண்டுறது. மூணாவது வாசிப்புல, சரி போய்த் தொலையட்டும்னு விடுறது. ஒரே நாள்ல ரெண்டு படி ஏறக் கூடாதுன்னு ஒரு விதி. சண்டை நேரத்துல மட்டும் அந்த விதியைக் கொஞ்சம் ஓரமா வைன்னு தீர்மானம் போட்டுட்டு, நாலு படியையும் ஒரே தாவுல தாவுறாங்க. சரிதானே?"

"கார்பெட் சார் கேட்டா அழுதுடுவாரு. ஆனா சரிதான்" என்றேன்.

அந்த வருடங்களில் மசோதாக்கள் அப்படித்தான் தாவின. மதியம் இரண்டு மணிக்கு வந்தது நாலு மணிக்குச் சட்டமாகிவிடும். மூன்று பிரபுக்கள் இருந்தால் சபை நடக்கும். சில நாள் ஐந்தாறு பேர்தான் இருப்பார்கள். அதில் இருவர் தூங்குவார்கள். நாற்பத்தொன்று மே மாதம் விழுந்த குண்டில் கீழ்ச்சபையின் கூடம் எரிந்துபோனது. எங்கள் கூடத்தை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, மன்னர் அங்கி மாற்றும் அறைக்குள் நாங்கள் ஒடுங்கிக்கொண்டோம். ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம். முன்பெல்லாம் ஒரு மசோதா நீண்ட நடை நடந்து வரும்; இப்போது பக்கத்து வீட்டுக்குச் சர்க்கரை வாங்கப் போகிற தூரம்தான்.

அந்த ஜூலை மாதக் கடைசியில், இரண்டு சபைகளும் செப்டம்பர் வரை கலைய இருந்தன. கடைசி நாளுக்கென்று ஒரு சின்ன மசோதா மிச்சம் இருந்தது. கீழ்ச்சபை முந்தின நாள் அதை நிறைவேற்றி, பச்சை நாடா கட்டி, ‘பிரபுக்களிடம் கொடுக்கப்படட்டும்’ என்று பழைய பிரெஞ்சில் எழுதி அனுப்பியிருந்தது. விஷயம் இதுதான். தேவாலயங்கள் குண்டில் இடிந்த பிறகு, பாதிரியார்கள் அக்கம்பக்கத்துப் பள்ளிக்கூடத்திலும் நூலகத்திலும், ஒரு ஊரில் மீன் கிடங்கிலும்கூடக் கல்யாணம் செய்துவைத்திருந்தார்கள். கல்யாணத்துக்கென்று பதிவாகாத கட்டடத்தில் நடந்தது சட்டப்படி கல்யாணமே இல்லை என்று யாரோ ஒரு வக்கீல் கண்டுபிடித்துவிட்டார். நாடு முழுக்க ஆயிரக்கணக்கான பெண்கள் தங்களுக்கே தெரியாமல் மறுபடி குமரிகளாகியிருந்தார்கள். நடந்த கல்யாணங்கள் நடந்த நாளிலிருந்தே செல்லும் என்று அறிவிக்கிற மசோதா அது. கடைசியில் ஓர் அட்டவணை. அதில் நாற்பத்தொரு இடங்களின் பெயர்கள்.

காலை பத்து மணிக்கு ஹில்டா அட்டவணையைச் சரிபார்த்தாள். ஒரு முறை. பிறகு விரலை வைத்து இன்னொரு முறை. மூன்றாவது முறை பார்த்துவிட்டு எழுந்து என்னிடம் வந்தாள். முகத்தில் வழக்கமான சிரிப்பு இல்லை.

"வால்வொர்த் செயின்ட் எடித் பள்ளிக்கூடம் இதுல இல்ல."

"இருக்கணுமா?"

"என் தங்கச்சி பெரிலுக்கு டிசம்பர்ல அங்கதான் கல்யாணம் ஆச்சு. கரும்பலகைக்கு முன்னாடி நின்னு மோதிரம் மாத்துனாங்க. இப்ப அவ ஏழு மாசம். அவ புருஷன் சிட் அட்லாண்டிக்ல எங்கயோ கப்பல்ல கரி அள்ளிப் போட்டுக்கிட்டிருக்கான்."

உடனே அந்தக் கல்யாணத்தை நடத்திவைத்த பாதிரியாரிடம் தொலைபேசியில் பேசினாள். மசோதாவுக்காக அரசாங்கம் இடங்களின் பெயர் கேட்டபோது, ஏப்ரல் நடுவில் தான் கடிதம் போட்டதாக அவர் சத்தியம் செய்தார். அந்த வாரம்தான் எங்கள் பக்கத்தில் இரண்டு தபால் வண்டிகள் குண்டில் எரிந்தன. பதில் வராததை, அரசாங்கம் என்றால் அப்படித்தான் என்று அவர் எடுத்துக்கொண்டார். அந்தப் பள்ளிக்கூடத்தில் மொத்தம் இருபத்து மூன்று ஜோடிகளுக்குக் கல்யாணம் நடந்திருந்தது.

ஹில்டா மிஸ்டர் கார்பெட்டிடம் போனாள்.

"மிஸ் லவ்குரோவ், நாம ஒரு காற்புள்ளியைக்கூடத் தொடக் கூடாது. நாடா கட்டுறதுதான் நம்ம வேலை. திருத்தம் கொண்டுவரணும்னா ஒரு பிரபு எழுந்து கேக்கணும்."

"அப்ப ஒரு பிரபுவைப் பிடிக்கிறேன்."

"அலுவலக ஆளுங்க உறுப்பினர்கள்கிட்ட திருத்தத்தைப் பத்திப் பேசவே கூடாது. அது விதி."

"நான் பேசலை சார். அவங்க பக்கத்துல நின்னு எனக்கு நானே புலம்புவேன்."

மிஸ்டர் கார்பெட் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்கு எதிரில் நிற்கிற ஆள்கூடத் தெரியாது. அவர் நிதானமாகத் துடைத்துக்கொண்டே இருக்க, ஹில்டா வெளியே வந்துவிட்டாள்.

வந்தவள் நேராகப் போனது பென்ஹாலோ பிரபுவிடம். கார்ன்வால்காரர், எழுபத்தெட்டு வயது. லண்டன் வீட்டின் கூரை போன அன்றிலிருந்து, எங்கள் நூலகத்தில் வெதுவெதுப்பாக இருக்கிறது என்பதற்காகவே ஒரு நாள் தவறாமல் சபைக்கு வருகிறவர். அன்று என் கதவுக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து காலணிக்குள் புகுந்த கல்லை எடுத்துக்கொண்டிருந்தார். அவரிடம் ஒரே ஒரு சிக்கல். காது சுத்தமாகக் கேட்காது.

ஹில்டா குனிந்து மெதுவாக ஏதோ சொன்னாள்.

"என்னது?"

கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள்.

"கல்யாணமா? சந்தோஷம்மா. மாப்பிள்ளை யாரு?"

"எனக்கில்ல ஐயா. என் தங்கச்சிக்கு."

"தங்கச்சிக்கு முன்னாடியேவா? நீ மூத்தவ இல்லையா?"

இதற்கு மேல் ரகசியம் வேலைக்காகாது என்று ஹில்டா முடிவு செய்தாள். பிஸ்கட் தொழிற்சாலையில் இயந்திரச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை அது. செயின்ட் எடித் பள்ளிக்கூடம், இருபத்து மூன்று ஜோடி, எரிந்த தபால் வண்டி, ஏழு மாதக் கர்ப்பம் எல்லாவற்றையும் தாழ்வாரம் முழுக்கக் கேட்கும்படி சொல்லி முடித்தாள். சொல்லி முடித்த பிறகுதான் பின்னால் நின்றவரைப் பார்த்தாள். அவர்தான் அந்த மசோதாவைச் சபைக்குக் கொண்டுவந்த துணை அமைச்சர். ஒல்லியான, அவசரக்கார மனிதர்.

"இப்பத் திருத்தினா கீழ்ச்சபைக்குத் திரும்ப அனுப்பணும்" என்றார் அவர். "அவங்க அஞ்சு மணிக்குக் கலையறாங்க. திருத்தம் அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டா மசோதா மொத்தமும் செப்டம்பர் வரைக்கும் தொங்கும். மத்த நாப்பத்தொரு இடத்துக்கும் சேர்த்து. புரியுதாம்மா?"

ஹில்டாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அதுவரை அவள் அந்தப் பக்கத்தை யோசிக்கவே இல்லை.

"புரியுது ஐயா" என்றாள் சின்னக் குரலில். "மத்தவங்களோடதைக் கெடுத்துட்டு எங்களுக்கு வேணாம்."

துணை அமைச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பென்ஹாலோ பிரபு நிமிர்ந்து, "என்ன சொல்றாரு இவரு?" என்று கேட்டார்.

"நேரம் இருக்காதுங்கிறாரு ஐயா."

"நேரமா? எனக்கு எழுபத்தெட்டு வயசு. என்னைவிட அவருக்கு நேரம் கம்மியா?"

துணை அமைச்சர் வாயை மூடிக்கொண்டு சிரித்ததை நான் பார்த்தேன். "நாலு மணிக்குள்ள மூணாவது வாசிப்பு முடிஞ்சா நான் எதிர்க்க மாட்டேன். அதுக்கு மேல ஒரு நிமிஷம் ஆனாலும் எதிர்ப்பேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

சபை கூடியபோது ஒன்பது பேர் இருந்தார்கள். விதியை ஓரமாக வைக்கும் தீர்மானம் ஒரு நிமிஷத்தில் முடிந்தது. இரண்டாம் வாசிப்பு கால் மணி நேரத்தில். வரி வரியாகப் பார்க்கும் கட்டம் வந்ததும் பென்ஹாலோ பிரபு எழுந்தார். திருத்தத்தை ஹில்டா பெரிய எழுத்தில் தட்டச்சு செய்து கையில் கொடுத்திருந்தாள்: மூன்றாம் பக்கம், பதினாலாவது வரிக்குப் பின் இன்ன வார்த்தைகளைச் சேர்க்கவும். படித்துவிட்டு உட்கார்ந்திருந்தால் அரை நிமிஷத்தில் முடிந்திருக்கும். மனிதர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தன் சொந்தக் கல்யாணக் கதையை ஆரம்பித்துவிட்டார். பனிப்புயலில் பாதிரியார் வர நாலு மணி நேரமானதும், அதற்குள் மாமனார் விருந்து மதுவையெல்லாம் குடித்துத் தீர்த்திருந்ததும், பெண்ணின் செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டதும். பத்து நிமிஷம் போனது. பதினைந்து. நான் கதவிடுக்கில் திரும்பிப் பார்த்தேன். ஹில்டா தாழ்வாரச் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றாள்.

"என் மனைவி போய் ஒன்பது வருஷமாச்சு" என்றார் அவர் கடைசியில். "அந்தக் கல்யாணம் செல்லாதுன்னு யாராவது எங்கிட்ட வந்து சொல்லியிருந்தா, இந்தக் கைத்தடியாலயே அடிச்சிருப்பேன். அவ்வளவுதான்." பிறகு தாளை எடுத்து ஒரு எழுத்துப் பிசகாமல் படித்தார்.

யாரும் எதிர்க்கவில்லை. மூன்றாம் வாசிப்பு முடிந்தபோது மணி மூன்று ஐம்பத்தேழு.

அதற்குப் பிறகுதான் ஓட்டம். திருத்தத்தை மசோதாவில் கையால் எழுதினாள் ஹில்டா. ‘இந்த மசோதாவுக்குத் திருத்தத்தோடு பிரபுக்கள் இசைந்தார்கள்’ என்ற பிரெஞ்சு வரியை மிஸ்டர் கார்பெட் எழுதினார். சிவப்பு நாடா கட்டினார்கள். ஓடுவது சபையின் கௌரவத்துக்கு ஆகாது என்று எங்களுக்கெல்லாம் வருஷக்கணக்காகப் பாடம் எடுத்தவர் மிஸ்டர் கார்பெட். அன்று அவர் கீழ்ச்சபைப் பக்கம் போன வேகத்துக்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. நடை என்று சொன்னால் பொய். ஓட்டம் என்று சொன்னால் அவர் என்னை மன்னிக்க மாட்டார். கோட்டு வால் இரண்டும் பின்னால் பறந்தன.

கீழ்ச்சபை சம்மதித்து மசோதாவைத் திருப்பி அனுப்ப நாலே முக்கால் ஆனது. இங்கே மன்னர் சார்பில் ஒப்புதல் கொடுக்க மூன்று பிரபுக்கள் சிவப்பு அங்கியும் முக்கோணத் தொப்பியுமாக ஜூலைப் புழுக்கத்தில் வெந்துகொண்டிருந்தார்கள். கீழ்ச்சபைக்காரர்கள் வந்து தடுப்புக்கு வெளியே நின்றார்கள். ஒருவர் மசோதாக்களின் பெயரை வரிசையாகப் படித்தார். ஒவ்வொன்றுக்கும் இன்னொருவர் திரும்பிக் குனிந்து, ‘மன்னர் அவ்வாறே விரும்புகிறார்’ என்று அதே பழைய பிரெஞ்சில் சொன்னார். ஏழு சட்டங்கள். ஐந்தாவது எங்களுடையது.

தாழ்வாரத்தில் ஹில்டா அழுதுகொண்டிருந்தாள். கைக்குட்டை இல்லாததால் மீந்துபோன பச்சை நாடாவில் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை வால்வொர்த்துக்கு அவளோடு நானும் போனேன். பெரில் வீங்கிய காலை ஒரு ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு நிறுத்தி நிதானமாகக் கேட்டாள்.

"அப்ப டிசம்பர்லேர்ந்து இன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் நான் யாருடி?"

"இப்பச் சட்டப்படி நீ டிசம்பர்லேர்ந்தே மிஸஸ் ஸ்டப்ஸ்."

"அது இப்ப. காலைல?"

"காலைல மிஸ் லவ்குரோவ்."

பெரில் உள் அறைப் பக்கம் கண்ணைக் காட்டினாள். அங்கே அவளுடைய மாமியார் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். "கிழவி காதுல மட்டும் இது விழுந்துச்சு, நான் செத்தேன். ‘அதான் எனக்கு அப்பவே தெரியும்’னு பேரப்பிள்ளைக்குக் கல்யாணம் ஆகுற வரைக்கும் சொல்லிக்கிட்டிருக்கும்." பிறகு இரண்டு பேரும் சத்தம் வராமல் சிரித்தார்கள், பட்டாணி தரையெல்லாம் உருண்டது.

மறுநாள் மிஸ்டர் கார்பெட் ஹில்டாவைக் கண்டித்து ஒரு கடிதம் எழுத வேண்டியிருந்தது. அலுவலகத்தில் இருந்த ஒரே தட்டச்சு ஆள் ஹில்டா. அதனால் அவளையே கூப்பிட்டு, அவளுக்கான கண்டனத்தைத் தான் சொல்லச் சொல்ல அவளையே தட்டச்சு செய்யவைத்தார்.

"‘அத்துமீறி’ன்னு போடட்டுமா சார், ‘வரம்பு கடந்து’ன்னு போடட்டுமா?" என்று கேட்டாள் அவள்.

"எது கொஞ்சம் லேசா இருக்கும்?"

"ரெண்டாவது."

"அதையே போடுங்க" என்றார்.

செப்டம்பரில் பெரிலுக்குப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு நாலு மாதமானபோது சிட் லிவர்பூலில் வந்து இறங்கினான். இடது கையில் இரண்டு விரல் இல்லை, மற்றபடி முழுசாக வந்துவிட்டான். ஹில்டா சண்டை முடிந்த பிறகும் மசோதா அலுவலகத்தை விட்டுப் போகவில்லை. திரும்பி வந்த குமாஸ்தாக்களுக்கு நாடா எப்படிக் கட்டுவது என்று அவள்தான் சொல்லிக்கொடுத்தாள்.

பென்ஹாலோ பிரபு நாற்பத்து மூன்றில் கார்ன்வாலில் இறந்துபோனார். ஹில்டா இரண்டு நாள் விடுப்பு எடுத்து, சிப்பாய்கள் நெரிசலில் ஒன்பது மணி நேரம் நின்றுகொண்டே ரயிலில் போனாள். அடக்கம் முடிந்ததும் வீட்டுக்காரியம் பார்க்கிற அம்மாள் அவளை உட்காரவைத்துத் தேநீரும் குங்குமப்பூ ரொட்டியும் கொடுத்து, பிரபுவை எப்படிப் பழக்கம் என்று விசாரித்தார்.

"சபையில ஒண்ணா வேலை பார்த்தோம்" என்றாள் ஹில்டா.