பாவா கிணற்றில் பச்சைத் தண்ணீர்

பள்ளிப்பட்டு பக்கம் ஒரு குன்று. அதன் உச்சியில் ஒரு குளமும் அடிவாரத்தில் இன்னொன்றும் வெட்டுவது திட்டம். பகலில் சூரிய மின்சாரம் மிஞ்சும்போது தண்ணீரை மேலே ஏற்றி வைத்து, மாலையில் கீழே விட்டு மின்சாரம் எடுப்பார்கள். அது கட்டுப்படியாகுமா என்று பார்த்துச் சொல்வது எங்கள் நிறுவனத்தின் வேலை. நான் திருத்தணிக்காரி என்பதால் என்னை அனுப்பினார்கள்.

குன்றின் அந்தப் பக்கம் பாவாவுக்கு, அதாவது என் அக்கா வீட்டுக்காரருக்கு, வேர்க்கடலை நிலமும் கிணறும் இருக்கின்றன. அவர்கள் வீட்டில் தங்கி, இரண்டு நாள் உச்சியைச் சுற்றிப் பார்த்தேன். ‘கெட்டிப் பாறை, தண்ணீர் கசியாது. குளத்தின் அடியில் பூச்சு தேவையில்லை’ என்று முதல் அறிக்கையில் எழுதினேன். அந்த வரியால்தான் திட்டச் செலவு கைக்குள் அடங்கியது.

பிறகு பாறையில் துளை போட்டார்கள். உள்ளே விட்ட தண்ணீர் மேலே திரும்பவில்லை.

“எங்கியோ போவுதுங்க மேடம்” என்றார் துளை போடுபவர்.

எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க, உடம்புக்குக் கெடுதல் செய்யாத பச்சைச் சாயம் ஒன்று உண்டு. அதை ஒரு மதியம் துளைக்குள் ஊற்றினோம். வெளியே தெரிய சில வாரங்களாவது ஆகும் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை திருத்தணி பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது பாவா போன் செய்தார்.

“கெணத்துத் தண்ணி பச்சையா வந்துகினு கீது. மேல எதுனா ஊத்துனீங்களா?”

ஒரே இரவில் குன்றையே கடந்து வந்திருக்கிறது.

“ஆங், பாவா. யாராவது குடிச்சீங்களா?”

“உங்க அக்கா விடியறதுக்கு முன்ன ஒரு சொம்பு குடிச்சிட்டா. வெளிச்சம் வந்தப்புறம்தான் பாத்தோம்.”

ஆட்டோ பிடித்துப் போனேன். கடலைச் செடிகளுக்கு நடுவே வாய்க்காலில் பச்சையாக ஓடிக்கொண்டிருந்தது. அக்கா வயிற்றைப் பிடித்தபடி வரப்பில் உட்கார்ந்திருந்தாள். கெடுதல் இல்லை என்று சொன்னேன், அவள் நம்பவில்லை. ஒரு கை அள்ளிக் குடித்துக் காட்டினேன்.

“மலையில மழ பேஞ்சா மறுநாளே இதுல தண்ணி ஏறும், ஊருக்கே தெரியும்” என்றார் பாவா. “ரெண்டு நாளு எங்கூட்லதான் சாப்ட்ட. ஒரு வார்த்த கேக்கலியே.”

குளம் முழுவதற்கும் பூச்சுச் செலவைச் சேர்த்து மறுபடி கணக்குப் போட்டேன். மேலே ஏற்றி இறக்கி எடுக்கும் மின்சாரத்தை அந்த விலைக்கு வாங்க ஆள் இருக்காது. ‘கட்டுப்படியாகாது’ என்று எழுதிக் கொடுத்தேன்.

“பூச்சு வேணாம்னு முதல்ல எழுதினது யாரு?” என்று மேலாளர் கேட்டார்.

“நான்தான் சார்.”

திட்டத்தைக் கைவிட்டார்கள். கிணறு நாலாம் நாள் தெளிந்தது. அக்கா மட்டும் இன்னும் கேன் தண்ணீர்தான் குடிக்கிறாள்.