ஒரு செகண்டுக்கு இரண்டு சுற்று

தியேட்டரே சிரித்தது. புரொஜெக்டர் கேபினில் நின்று நானும் சிரித்தேன். ஆபரேட்டராக நான் செய்த தப்புகளில் அதுதான் பெரிய தப்பு. ஆகவே அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிவிட்டுப் போய் இரண்டு வருஷம் ஆகியிருக்கும். ரெட்டியார்பாளையத்தில் இருந்து சைக்கிளில் புதுச்சேரிக்கு வந்து ஒரு தியேட்டரில் படம் ஓட்டிக்கொண்டிருந்தேன். திரைக்குப் பின்னால் பல வருஷமாகப் பூட்டிக் கிடந்த அறையை ஒழித்தபோது துருப்பிடித்த டப்பா ஒன்று கிடைத்தது. உள்ளே ஊமைப் படம். முழுப் படம் இல்லை, நடுவில் ஒரே ஒரு ரீல். முதலாளிக்குக் குஷி தாங்கவில்லை.

"மேட்னியில மெயின் படத்துக்கு முன்னால ஓட்டுப்பா. ஜனங்க வேடிக்கை பாக்கட்டும்."

ஓட்டினேன். செத்த குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஒருத்தி அழுகிறாள். ஆனால் கை படபடவென்று மார்பில் அடிக்கிறது. தலை வெடுக்கு வெடுக்கென்று கோழி மாதிரித் திரும்புகிறது. "யம்மாவுக்கு எறும்பு கடிச்சிடுச்சி டோய்!" என்று தரை டிக்கெட்டில் ஒருவன் கத்தினான். அவ்வளவுதான், கூரை பிய்த்துக்கொண்டு போகாத குறை. முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டே படியேறி வந்தார்.

"பிரமாதமான காமெடிப்பா! ஞாயித்துக்கெழம எல்லா ஆட்டத்துக்கும் போட்டுடு."

அவர் இறங்கிப் போனதும் மதாம் வந்தார். மதாம் என்பது ஜோசபின் அம்மா. பெண்கள் டிக்கெட் கவுண்டரில் எனக்கு முன்பிருந்தே இருப்பவர். அப்பா பிரெஞ்சுக் கோர்ட்டில் குமாஸ்தா என்பதால் எல்லோருக்கும் அவர் மதாம். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். அதுவரை கேபின் படியில் அவர் கால் வைத்து நான் பார்த்ததே இல்லை.

"தம்பி, இதை ஓட்டினது நீதானா?"

"ஆமாம்மா. நல்ல சிரிப்பு இல்ல?"

"அதுல அழுவுறது நான்."

கையில் இருந்த ரீலைக் கீழே போட்டுவிட்டேன். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுகூட நினைக்கத் தோன்றவில்லை. அதே நெற்றி, அதே முகவாய். தினமும் பார்க்கிற முகத்தைத் திரையில் பார்த்து எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது.

மதாம் ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னார். பதினேழு வயதில் மெட்ராஸுக்குப் போய் ஏழு ஊமைப் படங்களில் நடித்தாராம். கூட வேலை பார்த்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டார். அவர் பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டார். பிறகு பேசும் படம் வந்தது. கம்பெனியில் பாடச் சொன்னார்கள். இவருக்குப் பாட்டு வராது. அத்தோடு சினிமா முடிந்தது.

"மத்த ஆறு படத்தையும் உருக்கி, ஃபிலிம்ல இருக்கிற வெள்ளிய எடுத்துட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். இது ஏழாவது. நான் பாத்ததே இல்ல. இன்னிக்கும் பாக்க முடியல. குருவி மாதிரிப் பறந்து போச்சி."

"இப்பிடித்தானேம்மா அந்தக் காலத்துல எடுத்தாங்க?"

"யாரு சொன்னது? கேமராவைக் கையால சுத்துவாங்க. ஒரு செகண்டுக்கு ரெண்டு சுத்து. அந்த நிதானத்துலதான் நாங்க அழுவோம், நடப்போம். உன் மிஷின் எத்தனை ஓட்டுது?"

எனக்குச் சுரீர் என்றது. ஒரு சுற்றுக்கு எட்டு ஃபிரேம். செகண்டுக்குப் பதினாறு ஃபிரேம் ஓட வேண்டியதை, பேசும் படத்துக்கான மோட்டாரில் இருபத்து நான்கு ஃபிரேமாக விரட்டியிருக்கிறேன். நான் தொழில் கற்றதே பேசும் படத்தில்தான். ஊமைப் படத்துக்கு வேறு வேகம் உண்டா என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

"ஒரே ஒரு தரம் சரியா ஓட்டிக் காட்டு தம்பி. என்னைப் பாக்க இல்ல. மடியில கெடக்குதே, அது எம்புள்ள. நாலு மாசம். வேற கொழந்தைக்கு எங்க போறதுன்னு நானே குடுத்தேன். படம் முடிஞ்சி ரெண்டாம் மாசம் காய்ச்சல்ல நெசமாவே போயிட்டான். ஒரு போட்டோகூட கெடையாது. இந்தக் கவுண்டர்ல வந்து நான் ஏன் உக்காந்தேன்னு நெனைக்கிற? என்னிக்காவது இந்தப் படம் வந்துடாதான்னுதான்."

அந்தக் குழந்தையைப் பார்த்துத்தான் சிரித்தோம்.

அந்த நாளைய ஃபிலிம் வெடிமருந்து மாதிரி. வேகமாக ஓடினால் ஆர்க் விளக்கின் சூட்டிலிருந்து தப்பிக்கும், மெதுவாக ஓடினால் தீப்பிடித்துக்கொள்ளும். இது தெரிந்தேதான் சனிக்கிழமை காலை, முதலாளி வருவதற்கு முன், மோட்டாரைக் கழற்றிவிட்டுக் கைப்பிடியை மாட்டினேன். விளக்கின் கார்பன் குச்சிகளைத் தள்ளிவைத்து வெளிச்சத்தைக் குறைத்தேன். மதாம் டப்பாவில் விரலால் தட்டி வேகத்தைக் காட்டிவிட்டு, கீழே போய் முன்வரிசையில் உட்கார்ந்தார்.

சுற்றினேன். முதல் நாள் கோழி மாதிரி இருந்தவள் மனுஷியாகிவிட்டாள். கை மெல்ல எழுந்து மார்பில் விழுந்தது. குழந்தையின் முகத்தை அவள் நிதானமாகப் பார்த்தாள். திடீரென்று கீழே இருந்து மதாமின் குரல்.

"தம்பி, காலை ஆட்டுறான் பாரு! ஆட்டுறான்!"

ஆமாம். செத்துக் கிடக்க வேண்டிய குழந்தை கால் கட்டைவிரலை மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டிருந்தது. மோட்டார் வேகத்தில் அதை ஒருவரும் கவனிக்கவில்லை. நானும் பார்த்துக்கொண்டே நின்றேன். என்னை அறியாமல் என் கை தளர்ந்து சுற்று மெதுவாகியது.

திரையில் பழுப்பாக ஒரு கொப்புளம் கிளம்பிக் குழந்தையின் காலை விழுங்கியது. ஷட்டரைத் தள்ளி, ஆர்க்கை அணைத்து, வெறுங்கையால் ஃபிலிமைப் பிய்த்தேன். வலது கையின் இரண்டு விரலில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. எரிந்தது நாலைந்து அடிதான்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி யாரும் சிரித்துவிடக்கூடாது என்று, முதலாளியிடம் முழு ரீலும் எரிந்துவிட்டது என்று சொன்னேன். வாங்கிய வசவு கொஞ்சமில்லை. மிச்சத்தை யாருக்கும் தெரியாமல் ஒளித்துவைத்தேன். குழந்தையின் முகமும் காலும் நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து ஒரு சாண் துண்டு வெட்டி மதாமிடம் கொடுத்தேன். கவுண்டர் ஜன்னல் வெளிச்சத்தில் அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார். பிறகு மணி அடித்தது. டிக்கெட் கிழிக்க ஆரம்பித்தார்.

தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்றுதான் சொல்வேன். பழைய படத்தைப் போட்டுவிட்டு, அந்தக் காலத்து ஆட்கள் எப்படி விழுந்தடித்து ஓடுகிறார்கள் பார் என்று சிரிக்காதீர்கள். அவர்கள் நிதானமாகத்தான் நடந்தார்கள். விரட்டியது நாங்கள்தான்.